தேறிய வீதம்

பயிற்சித்தாளில் நாடுகளுக்குப் பெயர் இல்லை.
ஐரோப்பிய நாடு அ. ஐரோப்பிய நாடு ஆ.
இடைநிலைக் கல்விச் சேர்வு வீதத்தை ஒப்பிட்டு
வேறுபாட்டுக்கு இரண்டு காரணம் தருக.
நான்கு புள்ளி.

போட்டோக்கொப்பியில் மை குறைந்து
அ-வின் தூண் சாம்பல்,
ஆ-வின் தூண் அதைவிடச் சாம்பல்.
ஒட்டுசுட்டானில் நாலாம் பாடவேளை.
தகரக் கூரை வெயிலைச் சத்தமாக மாற்றிக்கொண்டிருந்தது.

"அ நோர்வே" என்றாள் மதுசாயினி.
மாமா அங்கே மீன் பெட்டி அடுக்குகிறார்.
"ஆ சுவிஸ்."
"இல்லையடி, பிரான்ஸ்."
யார் வீட்டுக்கு எங்கிருந்து காசு வருகிறதோ
அந்தக் கணக்கில் பதினொராம் தரம்
ஐரோப்பாவைப் பங்கு போட்டது.
எங்கிருந்தும் காசு வராத யதுசன்தான்
தூணைப் பார்த்தான்.

"ரீச்சர், ஆ நூறைத் தாண்டி நிக்குது.
நூறு பிள்ளையள் உள்ள ஊரில
நூற்றிப் பன்னிரண்டு பேர் எப்பிடிப் படிப்பினம்?
பேய் வந்து பேர் பதியுதோ?"

சிரித்து முடியட்டும் என்று நின்றேன்.
பிறகு பலகையில் எழுதினேன்:
மொத்தச் சேர்வு வீதம். தேறிய சேர்வு வீதம்.
வயது கடந்தும் வகுப்பில் இருப்பவர்களை
மேலே எண்ணுவார்கள், கீழே எண்ணமாட்டார்கள்.
தொகுதி எண்ணில் உண்டு, பகுதி எண்ணில் இல்லை.
அதனால்தான் தூண் கோட்டைத் தாண்டுகிறது.
அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால்
மிஞ்சுவது தேறியது.

தேறியது என்று சொன்ன வாய்
கொஞ்ச நேரம் மூடவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மார்கழியில் எனக்குப் பத்தொன்பது.
செட்டிகுளத்தில், தறப்பாள் கொட்டிலில்,
பதினாறு வயதுக்காரருக்குப் பின்னால் இருந்து
சாதாரண தரம் எழுதினேன்.
எனக்குப் பக்கத்தில் ஒருத்தி,
வினாத்தாள் தரும்வரை பிள்ளைக்குப் பால் கொடுத்தவள்.
கோட்டுக்கு மேலே நிற்கும் துண்டு நாங்கள்தான்.
எவராவது எங்களுக்கும் ஒரு தூண் கீறியிருந்தால்
தூரத்தில் ஒருவர் அதைப் பார்த்து
"பரவாயில்லையே" என்றிருப்பார்.

தூண் உயர இன்னொரு வழியும் இருக்கிறது.
பலகையில் எழுதவில்லை.
தொகுதி எண் அப்படியே நிற்க
பகுதி எண் சுருங்கினால் போதும்.
சோக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன்.
அந்தச் சித்திரைக்கும் வைகாசிக்கும் இடையில்
எங்கள் பகுதி எண்.
மணி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

"அப்ப நிரோயனை என்னெண்டு எண்ணுறது?"
மறுபடியும் யதுசன்.
தை பிறந்ததிலிருந்து நிரோயன் வரவில்லை.
முத்தையன்கட்டுப் பக்கம்
மணல் உழவு இயந்திரத்தில் நிற்கிறான்.
ஆனால் இடாப்பில் இருக்கிறான்.
வலயத்துக்குப் போன படிவத்தில் இருக்கிறான்.
போன கிழமை அவனையும் கூட்டி
முப்பத்தொன்று என்று எழுதியது என் கைதான்.
"சேர்வு வேறை, வரவு வேறை" என்றேன்.
அவன் தன் பக்கத்து வாங்கைப் பார்த்தான்,
அதற்கு நான் விளக்கம் சொல்லாதது போல.

மாலை வகுப்பும் முடிந்து மாங்குளம் பஸ்ஸில்
மடியில் வைத்துத் திருத்தினேன்.
பொருளாதாரம், அரசின் கொள்கை.
அரசின் கொள்கை, பொருளாதாரம்.
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய ஐரோப்பா.
யதுசன் மட்டும் மூன்று காரணம் எழுதியிருந்தான்.
மூன்றாவது:
அ நாட்டில் முதல் பஸ் வரும் பாதையில்
யானை நிற்கக்கூடும்.

கேட்டது இரண்டு. நான்குக்கு நான்கு போட்டேன்.
மூன்றாவதுக்கு நேரே
பேனையை வைத்தபடி யோசித்ததில்
சிவப்பாய் ஒரு பொட்டு ஊறிப் பரவியது.

நிமிர்ந்தேன்.
பஸ் எப்போதோ நின்றிருந்தது.
சாரதி விளக்கை அணைத்திருந்தார்.
எல்லோரும் மூச்சுக் காட்டாமல்
முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.